பிரெஞ்சு மூக்கு

ஹைப்ரிட்டில் உட்கார்வது
கருவூல அலுவலக நாற்காலியில் உட்கார்வதுபோல.
முதுகு நேர். எதிரே வருகிறவர்
வணக்கம் சொன்னால் தலையசைக்கலாம்.
ஒன்பது மாதம் அப்படித்தான்
மஞ்சக்குப்பத்திலிருந்து வெள்ளிக் கடற்கரைக்கும்
அங்கிருந்து திரும்பவும்
ஒரு மனுவைப்போல் போய்வந்தேன்.

ரோடு பைக்கை விற்றவர்
புதுச்சேரி லப்போர்த் வீதி ப்ரொஸ்பேர்.
முழங்கால் இரண்டையும் மாற்றிக்கொண்டவர்.
மாடிப்படியில் தான் மெதுவாக இறங்கி
வண்டியை மட்டும் இரண்டு விரலில் தொங்கவிட்டு வந்தார்.
கைப்பிடி கடாவின் கொம்பு.
டயர் என் கட்டைவிரல் அகலம்.
ஸ்டாண்டு எங்கே என்றேன்.
"கிடையாது."
மணி?
"கிடையாது."
பிறகு ஏன் இவ்வளவு விலை என்று கேட்கவில்லை.
கேட்டிருக்கலாம்.

தெருமுனையில் பிரேக்கைத் தேடிய விரல்
கியரைத் தட்டியது.
சிவப்புத் தொப்பிக் காவலர் ஒருவர்
எதையோ தொலைத்தவளைப் பார்ப்பதுபோல் பார்த்தார்.

நோணாங்குப்பம் பாலத்தில்தான் அது நடந்தது.
இரண்டே மிதி.
ஹைப்ரிட்டாக இருந்தால் யோசித்திருக்கும்.
இது நான் சொல்லி முடிக்குமுன் கிளம்பிவிட்டது.
ஆறு, படகு, எதையும் பார்க்கவில்லை.
பார்த்தது தார்.
தாரில் ஒரு விரிசல், விரிசலில் மணல்,
மணலில் யாரோ உதறிய ஒற்றைக் கொலுசுமணி.
குனிந்தால் சாலைக்கு எத்தனை முகம்!
நாற்பத்திரண்டு வயதில்
யாரும் விரட்டாமலே மூச்சு வாங்கியது.

தவளக்குப்பம், கிருமாம்பாக்கம், கன்னியக்கோயில்:
பேருந்தில் தூங்கியபடி கடந்த பெயர்கள்.
இப்போது ஒவ்வொன்றும்
ஒரு மேடு, ஒரு பள்ளம், ஒரு நாய்.

முள்ளோடை.
எல்லைக்கு அந்தப்பக்கம் விலை கூடிவிடும் என்று
இங்கேயே குடித்து
இங்கேயே உடைக்கிறார்கள்.
பாட்டில் சில்லு ஹைப்ரிட்டுக்குத் தூசி.
இதற்கு,
உஸ்.

பஞ்சர் கடை குணாளன்
சக்கரத்தைச் சுழற்றி வால்வைக் கண்டுபிடித்தார்.
ஊசிபோல, நுனியில் திருகுவைத்த குட்டிப் பித்தளை.
"இதென்னங்க மூக்கு?"
பிரெஞ்சு வால்வு என்றேன்,
ப்ரொஸ்பேர் சொல்லித்தந்த ஒரே தகவல்.
குணாளன் வடக்கே கைகாட்டினார்.
"எத்தினி வருஷம் இங்க உக்காந்திருந்தாங்க.
ஒருத்தனும் இந்த மூக்கக் கொண்டாந்து காட்டலையே."
அவர் பம்பின் வாய்
லாரிக்கும் ஸ்கூட்டருக்கும் பழகியது.
ஓட்டையை ஒட்டினார், காற்றைச் செலுத்த வழியில்லை.
ஒட்டியதற்கு நாற்பது ரூபாய் வாங்கிக்கொண்டார்.
நியாயம்.

ஷம்ஷாத்துக்குப் போன் செய்தேன்.
போன வாரம்தான் ஹைப்ரிட்டை அவளுக்கு விற்றிருந்தேன்,
பூட்டு, கூடை, கைப்பம்பு எல்லாம் சேர்த்து.
பம்பின் தலைக்குள் இருக்கும் ரப்பரைத் திருப்பிப் போட்டால்
வேறு மூக்குக்கும் பொருந்தும் என்று
ஒன்பது மாதம் எனக்குத் தெரியாது.
அவளுக்கு ஏழு நாளில் தெரிந்திருக்கிறது.

பெண்ணையாற்றுப் பக்கமிருந்து வந்தாள்.
துப்பட்டாவை ஹெல்மெட்டுக்குள் செருகி
முதுகு நேராக
கூடையில் இரண்டு வெள்ளரிக்காயோடு
தேவையில்லாமல் மணியடித்துக்கொண்டு.
என் சைக்கிளை முதன்முறையாகத்
தள்ளி நின்று பார்த்தேன்.
அழகாகத்தான் இருந்தது.
அதைச் சொல்லவில்லை. வெள்ளரிக்காயைத் தின்றேன்.

மதியம் தாண்டியிருந்தது.
கடற்காற்று இடப்பக்கமும் எதிரிலும்.
ஷம்ஷாத் நிமிர்ந்து நெஞ்சில் வாங்கினாள்.
நான் கொம்பின் அடிவளைவைப் பிடித்துக் குனிந்தேன்.
காற்றுக்குக் கீழே ஓர் இடைவெளி இருந்தது,
ஒரு முழ உயரத்தில்.
இத்தனை நாளும் அங்கேயேதான் இருந்திருக்கிறது.

முன்னால் போய்விட்டேன்.
திரும்பிப் பார்க்க வராது,
தலை திரும்பினால் வண்டியும் திரும்புகிறது.
மணிச்சத்தம் தேய்ந்தபோதெல்லாம்
மிதிப்பதை நிறுத்தினேன்.

வீட்டில்
பிரிட்ஜில், பீரோவில், சன்னல் கம்பியில்
சாய்த்துப் பார்த்து
கடைசியில் கட்டிலில் சாய்த்துவிட்டுத்
தரையில் படுத்தேன்.
தொடை துடித்துக்கொண்டே இருந்தது,
உள்ளே யாரோ
இன்னும் வீடு வந்து சேராததுபோல.